ஐவிந்தின் இடது இமை

ரக்னா ட்வைட்டனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கை எதையாவது சுரண்டிக்கொண்டே இருக்கும்: ஜாம் பாட்டிலின் லேபிள், மேசையில் சொட்டிக் காய்ந்த மெழுகு, ஜன்னல் சட்டத்தில் உரிந்த பெயின்ட். ஆறு வருஷம் நானும் அவளும் ப்ரூக்ளினில் நாற்பத்தேழாம் தெருவில், மூன்றாம் மாடியில், ஒரே வீட்டில் இருந்தோம். அந்த ஆறு வருஷமும் எங்கள் அலமாரியில் எந்தப் பாட்டிலுக்கும் லேபிள் கிடையாது. பீட்ரூட் ஊறுகாய் என்று திறந்தால் லிங்கன்பெர்ரி ஜாமாக இருக்கும்.

தொழிலால் வந்த பழக்கம் அது. ஐந்தாம் அவென்யூவில் பெர்தெல்சனின் ஸ்டூடியோவில் அவள் பதின்மூன்று வருஷமாக டச்சிங் வேலை பார்த்தாள். சாய்வுப் பலகையில் நெகட்டிவ் கண்ணாடித் தகட்டை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக மூடுவாள். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்துவிடும். இரட்டைத் தாடை இருந்தால் சின்னக் கத்தியால் தகட்டைச் சுரண்டுவாள். அந்தச் சதை பின்னணியின் இருட்டில் கரைந்துபோகும். எங்கள் நார்வேக்காரர்களில் பாதிப் பேருடைய முகம் அவள் கைவழியாகத்தான் சட்டத்துக்குள் போயிருக்கிறது. கப்பல் கேப்டன்கள், அவர்கள் மனைவிமார், பாதிரியாரின் அத்தை. "ரக்னாகிட்ட போனா பத்து வயசு குறையும். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தா மறுபடி ஏறிடும்" என்று மீன் கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேறு ஆள். பழைய பெரிய கேமராவையும் மூன்று கால் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவாள். கயிற்றுச் சுருள், இரும்புத் தூண், தண்ணீர்த் தொட்டியின் நிழல் என்று யாரும் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லாத சங்கதிகளை எடுப்பாள். அந்தத் தகடுகளில் பென்சில் படாது. லென்ஸ் பார்த்தது பார்த்தபடி, முனை முனையாக, கூர்மையாக இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் ஒரு கேமரா சங்கத்தில் ஏழு வருஷமாக உறுப்பினர். அங்கே பெரும்பாலோர் மூடுபனியில் கரைந்த பெண்களை எடுக்கிற கனவான்கள். ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சியில் ரக்னாவின் படம் ஒருமுறைகூடச் சுவரில் ஏறியதில்லை.

ஐரோப்பாவில் போர் தொடங்கி இரண்டாம் வருஷம், பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ரக்னாவின் ஆங்கிலம் கடைத்தெரு ஆங்கிலம். நான் கப்பல் ஏஜென்சியில் இரண்டு மொழியிலும் கடிதம் எழுதுகிறவள் என்பதால் அவளுக்கு வருவதை நான்தான் படித்துச் சொல்வேன். இந்த வருஷம் ஒரு சுவர் முழுவதும், ஒரு கலைஞரை இன்னொரு கலைஞர் எடுத்த படங்கள். ஒருவர் விலகிக்கொண்டதால் ஓர் இடம் காலி. மிஸ் ட்வைட்டன் விரும்பினால் அனுப்பலாம், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள். வழக்கமான விதி: படத்தில் இருப்பவர் அட்டையில் படத்துக்குக் கீழே தன் கையால் பெயர் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத முகம் சுவரில் ஏறாது.

"ஐவிந்த்" என்றாள் ரக்னா உடனே.

"அவன் அடுத்த சனிக்கிழமை மேற்கே டுலூத்துக்கு வேலைக்குப் போறான்."

"அதனாலதான் நாளைக்கே எடுக்கணும்." கடிதத்தின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டே அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தாள். "ஒரே ஒரு தடவை, சுன்னிவா. நான் தொடாத ஒரு முகம் சுவத்துல இருக்கணும். அதுக்குக் கீழே என் பேர் இருக்கணும். அப்புறம் அவங்க கதவைச் சாத்தினாலும் பரவாயில்லை."

ஐவிந்த் ஃபோஸ்லி எங்கள் இருவருக்கும் நண்பன். கடை ஜன்னல்களில் தங்கத் தாளால் பெயர் எழுதுவது அவன் பிழைப்பு. கடைக்குள்ளே நின்று, கண்ணாடியின் உட்புறத்தில், எழுத்தை இடம்வலமாகத் திருப்பி எழுத வேண்டும். தெருவில் நிற்பவனுக்கு அது நேராகத் தெரியும். பிழைப்பு போக மற்ற நேரமெல்லாம் ஓவியம். மாடலுக்குக் கொடுக்க வசதியில்லாததால் முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்துத் தன்னையே வரைவான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கப்பலின் பக்கவாட்டில் தொங்கியபடி பெயர் எழுதும்போது மேலிருந்து கப்பி ஒன்று விழுந்தது. உயிர் போகவில்லை. இடது கன்னத்தில் நரம்பு அறுந்து, இடது இமை பாதி தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகு வரைந்தவை மட்டும் இருபத்தொன்பது. எல்லாவற்றிலும் அந்த இமை இருக்கும். அதைப் பற்றி அவனே கேலி பேசுவான். மற்றவர்கள் பேசினாலும் சிரிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரக்னா ஜன்னலில்லாத சாமான் அறைக்குள் போய், கதவு இடுக்கில் கோட்டைச் செருகிக்கொண்டு, இருட்டில் தகடுகளைச் சட்டங்களில் ஏற்றினாள். தகட்டின் ஒரு பக்கம் வெறும் கண்ணாடி, மறுபக்கம் மருந்து பூசியது. மருந்துப் பக்கம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். இருட்டில் எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: தகட்டின் ஓரத்தை உதட்டில் வைப்பார்கள். மருந்துப் பக்கமென்றால் லேசாக ஒட்டும். அன்றைக்குக் குளிர்காற்றில் ரக்னாவின் உதடு வெடித்திருந்தது. காலையில்தான் ஆட்டுக் கொழுப்பைத் தடவியிருந்தாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரியம்மா குழாய் உறைந்துவிட்டதென்று கதவைத் தட்டினாள்.

"திறக்காதீங்க" என்று உள்ளேயிருந்து ரக்னா கத்தினாள். "திறந்தா நானே உங்களை உறைய வச்சுடுவேன்."

இரண்டு தகடுகள். முதலாவதை வைக்கும்போது கவனம் இருந்தது. இரண்டாவதை வைக்கும்போது கவனம் குழாயில் இருந்தது, உதட்டில் கொழுப்பு இருந்தது.

ஐவிந்தின் அறை கப்பல் பாய் தைக்கும் ஒரு கடைக்கு மேலே. கல்யாணமாகாத பெண் தனியாகப் போனால் தெருவுக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சு கிடைக்கும் என்பதால் நானும் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு போனேன். சுவரெங்கும் அவன் முகங்கள். வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்தாள். வலது கையில் தூரிகை. தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் இரும்புக் கவ்வியை ஸ்டூடியோவில் எல்லோருக்கும் மாட்டுவாள். இவனுக்கு வேண்டாம் என்றாள்.

"எட்டு எண்ணுவேன். ஆடாம உக்காருடா."

"எட்டா? எங்கப்பா சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்ற ஜெபமே அவ்வளவு நீளம் கிடையாது."

"வாயை மூடு. இல்லேன்னா வாய் இருக்கிற இடத்துல புகைதான் இருக்கும்."

"அப்புறம் நீ ஒரு வாய் வரைஞ்சுடுவே. அழகான வாயா வரை தாயே. பாதிரியாரோட அத்தைக்கு வச்ச மாதிரி."

ரக்னா சிரிக்கவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் சிவந்திருந்தது. அவன் கேலியை நிறுத்தி லென்ஸை நேராகப் பார்த்தான். அப்போதுதான் எட்டு எண்ணினாள். இரண்டாவது தகட்டுக்கும் அதே மாதிரி உட்கார்ந்தான், என்ன, இந்த முறை பொறுமை கொஞ்சம் குறைவு.

தகடுகளைக் கழுவியபோது முதலாவது ரக்னா நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. தாடியில் இரண்டு நாள் மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தொங்கிய இமையின் கீழே விழிவெண்மையில் ஜன்னலின் நான்கு சட்டங்கள் தெரிந்தன. இரண்டாவதைத் தூக்கிப் பார்த்ததும் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். தகடு திரும்பி ஏறியிருந்தது. வெளிச்சம் கண்ணாடி வழியாகப் போய் மருந்தைத் தொட்டிருக்கிறது. இடது வலதாக, வலது இடதாக. கண்ணாடியின் கனம் அளவுக்குக் கூர்மையும் குறைந்திருந்தது. அதைக் காகிதத்தில் சுற்றி அலமாரியின் அடியில் தள்ளினாள்.

போரால் பிளாட்டினம் எல்லாம் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போய்விட, படம் அச்சிடும் பிளாட்டினம் தாள் எந்தக் கடையிலும் இல்லாத காலம். ரக்னாவிடம் மிச்சமிருந்தது இரண்டே தாள். செவ்வாய்க்கிழமை வெயில் எட்டிப் பார்த்த நேரம், ஸ்டூடியோவில் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து, முதல் தகட்டையும் ஒரு தாளையும் சட்டத்தில் பூட்டி, ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஏணிப்படியில் சாய்த்து வைத்தாள். பிப்ரவரி வெயில் சோம்பேறி. மேல்மாடியிலிருந்து புகைக்கரி உதிர உதிர, முக்கால் மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்து ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை எட்டாம் அவென்யூவில் தோர்கில்சன் புதிதாகத் திறக்கும் பேக்கரியில் ஐவிந்த் ஜன்னலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் ரக்னாவும் போனோம். அவள் பிரிண்டை நீட்டினாள். அவன் விரலில் ஒட்டியிருந்த தங்கத் துகளைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். வெகுநேரம் பார்த்தான்.

"யாரு இது?"

"விளையாடாதே."

"விளையாடலை. கோட்டு என் கோட்டு. தூரிகை என் தூரிகை. ஆளைத்தான் தெரியலை." இடது இமையைத் தொட்டுக் காட்டினான். "எனக்கு இந்தக் கண்ணு தொங்கும். இந்தப் படத்துல அந்தப் பக்கத்துக் கண்ணு தொங்குது."

"அதே கண்ணுதான். எதிர்ல நிக்கிறவங்களுக்கு அது அந்தப் பக்கமாத்தான் தெரியும்."

"எனக்கு எதிர்ல நான் நின்னா?"

"நீ எப்படி உனக்கு எதிர்ல நிப்பே?"

"ரெண்டு வருஷமா தினமும் நிக்கிறேனே" என்றான். சிரிக்காமல் சொன்னான். "கண்ணாடியில நிக்கிறவனோட சண்டை போட்டு, சமாதானமாகி, இப்பத்தான் ஒரு மாதிரி பேசிக்கிட்டிருக்கோம். இவன் புதுசு. இவனோட மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

ரக்னா எட்டி அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

"சரி, ஒண்ணு பண்ணு. இமையைக் கொஞ்சம் தூக்கிவிடு. ஒரு கோடு போதும், உனக்கு அரை நிமிஷ வேலை. போட்டுக் குடு, கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"மாட்டேன்."

"கசாப்புக்கடைக்காரன் பொண்டாட்டிக்குப் பண்றே. எனக்குப் பண்ண மாட்டியா?"

"அவ வாடிக்கை."

"நான்?"

அவள் ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அம்மணி, அது என் தங்கம்" என்றான் ஐவிந்த். குனிந்து பார்த்தால் எழுத்தின் கால் ஒன்று போயிருந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் ரக்னாவுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். "ஒரு மாசம் அந்தச் சுவத்துல தொங்கும், ரக்னா. நான் டுலூத்ல தானியக் கிடங்கு மேல பேர் எழுதிக்கிட்டிருப்பேன். பாக்கிறவங்க அவனைத்தான் நான்னு நெனப்பாங்க. பக்கத்துல நின்னு 'இல்லைங்க'ன்னு சொல்ல எனக்கு ஆளில்லை. இதுல நான் பேர் எழுத மாட்டேன்."

வியாழக்கிழமை காலை ஸ்டூடியோவில் நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். கேப்டன் ராம்ஸ்டாடின் மனைவி படத்தை வாங்க வந்திருக்கிறாள். உறையைப் பிரித்தவள் படத்தை ஜன்னலுக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம்.

"என் மச்சம் எங்கே?"

மேல் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தை ரக்னாவின் பென்சில் எப்போது மூடியதென்று அவளுக்கே நினைவில்லை.

"மச்சம் இல்லாம இன்னும் அழகா இருக்கீங்கம்மா" என்று பெர்தெல்சன் சமாளித்திருக்கிறார்.

"அழகை நான் என்ன பண்ண? பதினாலு மாசம் கழிச்சுக் கப்பல்லேர்ந்து வர்றவர் அந்த மச்சத்தை வச்சுத்தான் என்னைத் தேடிப் பிடிப்பார். கரையில என் மாதிரி தொப்பி போட்டவங்க இருநூறு பேர் நிப்பாங்க. இந்தப் படத்தைத்தான் கையில வச்சுக்கிட்டு அவர் போகப்போறாரு. எவளையோ கூட்டிட்டு வீட்டுக்கு வரட்டுமா?"

கடை முழுவதும் சிரித்திருக்கிறது. ரக்னா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தகட்டை எடுத்து டர்பன்டைன் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். மச்சத்தோடு சேர்த்து அந்த அம்மாளின் நாற்பத்தெட்டு வருஷமும் திரும்பி வந்தது. பெர்தெல்சன் அவளை ஒரு பக்கம் கூப்பிட்டு, "மிஸ் ட்வைட்டன், இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. நல்லாத் தூங்கிட்டு வாங்க" என்றார்.

அவள் தூங்கப் போகவில்லை. அலமாரியின் அடியிலிருந்து கெட்டுப்போன தகட்டை எடுத்தாள். கடைசித் தாளை அதன்மேல் வைத்து இரும்பு ஏணிப்படியில் சாய்த்தாள். மூன்று மணிக்கு ஈரம் காயாத பிரிண்டை இரண்டு மையொற்றும் தாளுக்கு நடுவே வைத்துக்கொண்டு என் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"என்ன தெரியுது, சொல்லு."

"ஐவிந்துக்குத் தம்பி இருக்கானா என்ன?" என்றேன். எல்லாம் இருந்தது, எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தூரிகை இடது கையில். முகத்தின்மேல் மெல்லிய மூச்சுப் படிந்ததுபோல் ஒரு மங்கல்.

பேக்கரியில் ஐவிந்த் அதைக் கையில் வாங்கியதும் உட்கார்ந்துவிட்டான்.

"இதுதான் நான்" என்றான். "பேனா குடு."

ரக்னா பிரிண்டைத் திரும்பப் பிடுங்கினாள். "இது பிசகுடா. தகடு திரும்பிப் போச்சு. கூர்மை கிடையாது. நீ இடது கைக்காரனா?"

"கண்ணாடியில இடது கைக்காரன்தான்."

"அங்க இருக்கிறவங்க ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. 'டச்சிங் பண்றவ, தகடு ஏத்தக்கூடத் தெரியலை'ம்பாங்க. அவங்க கண்டுபிடிக்கலைன்னாலும் எனக்குத் தெரியும்."

"உனக்கு அது. எனக்கு இது." ஐவிந்த் எழுந்து தங்கத் தாளை எடுத்தான். "நாளைக்குக் காலையில இங்கதான் இருப்பேன். எதைக் கொண்டுவர்றியோ கொண்டுவா. இதைக் கொண்டுவந்தா எழுதறேன். அதைக் கொண்டுவந்தா, நல்ல காபி குடுக்கறேன்."

அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் தட்டிலேயே ஆறின. "கையெழுத்தை நானே போட்டா என்ன, அவன் எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றாள் ஒருமுறை. நான் நிமிர்ந்து பார்த்ததும், "சும்மா சொன்னேன்" என்றாள். காலையில் நான் எழுந்தபோது முதல் தகடு சாய்வுப் பலகையில் இருந்தது. பக்கத்தில் புதிதாகச் சீவிய பென்சில். அறையில் டர்பன்டைன் வாசனை. வரைந்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள். தாள் ஒன்றுகூட மிச்சமில்லாதபோது தகட்டில் வரைந்து என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு நான் விடுப்பு எடுத்திருந்தேன், சங்கத்தில் ஆங்கிலம் பேச. ரக்னா இரண்டு பிரிண்டையும் தனித்தனி அட்டையில் ஒட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். எதைக் கொடுக்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்பத்தேழாம் தெருவிலிருந்து எட்டாம் அவென்யூ போவதற்குள் இரண்டு முறை நின்று பையைத் திறந்து மூடினாள்.

பேக்கரியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஏலக்காய் ரொட்டி வாசனை தெருவரை வந்தது. ஐவிந்த் ஏணியில் நின்று, ஜன்னலில் கடைசி எழுத்துக்குப் பின்னால், தங்கம் உதிராதபடி, கறுப்புப் பூசிக்கொண்டிருந்தான். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஒருமுறை பையைப் பார்த்தான், ரக்னாவைப் பார்த்தான், வேலையைத் தொடர்ந்தான். அப்போது தோர்கில்சன் கையெல்லாம் மாவோடு உள்ளேயிருந்து வந்தார். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு. ஜன்னல் முன்னால் நின்று நாடியைத் தடவிக்கொண்டார். நாடியில் மாவு ஒட்டியது.

"ஏம்ப்பா ஐவிந்து, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதே."

"கேளுங்க."

"நாலு நாளாப் பாக்கறேன். தங்கம் நல்லா இருக்கு, பளபளன்னு இருக்கு. என் பேர்தான் பேர் மாதிரியே இல்லை. கோணமாணலா ஏதோ இருக்கு. படிக்கவே வரலை."

"நீங்க உள்ளே நிக்கறீங்க" என்றான் ஐவிந்த், திரும்பாமலே.

"என் கடைதானே. நான் உள்ளேதான் நிப்பேன். தினமும் விடியக்காலையிலேர்ந்து இதைத்தானே பாத்துக்கிட்டிருக்கணும்."

"பாத்துக்கிட்டிருங்க. ரொட்டி வாங்க வர்றவன் தெருவுல நிக்கறான். பேர் அவனுக்குத்தான். நீங்க யாருன்னு உங்களுக்கு எழுதிக் காட்டணுமா என்ன?"

சொன்னவனின் தூரிகை நின்றது. எழுத்தின் மேல் அப்படியே வைத்திருந்ததில் கறுப்பு ஒரு சொட்டு இறங்கி ஓடியது. அவன் அதைத் துடைக்கவில்லை. தோர்கில்சன், "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் நின்று பார்க்கலாமென்று கதவைத் திறந்தார். தெருவிலிருந்து கையை ஆட்டினார். நன்றாக இருக்கிறதாம்.

ரக்னா வாயைத் திறக்கவில்லை. அவளை நன்றாக அறிந்தவள் நான். ஒரு வாக்கியம் அவள் தொண்டைவரை வந்து நின்றது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவன் மறுத்திருப்பான்.

ஐவிந்த் ஏணியிலிருந்து இறங்கினான். துணியில் கையைத் துடைத்தான். "குடு" என்றான்.

"எதை?"

"அவனைத்தான். அந்தப் புது ஆளை."

அவள் கூர்மையான படத்தை எடுத்து மாவு மேசையின்மேல் வைத்தாள். அவன் அதன்முன் குனிந்து நின்றான். இந்த முறை முகத்தைச் சுளிக்காமல் பார்த்தான். அறிமுகமில்லாத ஒருவரிடம் வழி கேட்பதற்கு முன் பார்ப்பதுபோல. பிறகு பேனாவை வாங்கி, படத்துக்குக் கீழே, வலது ஓரத்திலிருந்து இடதுபக்கமாக, தயக்கமே இல்லாமல் எழுதினான். எழுதி முடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. தன் பெயரைக் கண்ணாடியில் எழுதுவதுபோலத் திருப்பி எழுதியிருந்தான்.

"டேய்" என்றாள் ரக்னா.

"முகம் தெருவுல நிக்கிறவனுக்கு. பேர் எனக்கு. பாதிப்பாதி."

"இதை அவங்க ஒத்துக்கலைன்னா?"

"அப்ப வந்து காபி குடி."

மணி பத்தே முக்கால். இன்னொரு தாள் கிடையாது, இன்னொரு அட்டையில் ஒட்ட நேரமும் கிடையாது. நாங்கள் ரயிலுக்கு ஓடினோம். வண்டியில் இடம் இருந்தும் ரக்னா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் பெயின்டைச் சுரண்டினாள்.

சங்கத்தின் காரியதரிசி வெள்ளை மீசைக்காரர், மரியாதையானவர். படத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ம்" என்றார். அது நல்ல "ம்". பிறகு கீழே பார்த்தார்.

"இது என்ன, ரஷ்ய மொழியா?"

"இல்லைங்க, அவர் பேர்தான்" என்றேன். "கடை ஜன்னல்ல எழுதற தொழில். உள்ளேயிருந்து எழுதிப் பழக்கம்."

"விதிப்படி இது கையெழுத்தாக இருக்கணும், மிஸ். இதைக் கையெழுத்துன்னு நான் குழுவுக்கு எப்படிச் சொல்றது?"

ரக்னாவுக்கு அவர் சொன்னது முழுவதும் புரிந்திருக்காது. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். வாசல் பக்கம் தொப்பி மாட்டும் சட்டத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அட்டையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அந்தக் கண்ணாடி முன்னால் பிடித்தாள். காரியதரிசி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "ஐவிந்த் ஃபோஸ்லி" என்று உரக்கப் படித்தார். கண்ணாடியில் அது பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

அவர் பெயரை மட்டும்தான் படித்தார். நாங்கள் இருவரும் பெயருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்குள் ஐவிந்த் இருந்தான். அவன் அறைச் சுவரில் இருபத்தொன்பது முறை தொங்குகிறவன், இமை அவன் சொன்ன பக்கத்திலேயே. நேற்றைய படத்தின் மங்கல் இல்லாமல், தாடி மயிர் ஒவ்வொன்றாக.

"சரி, வச்சுக்கறேன்" என்றார் காரியதரிசி. மணி பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் ரக்னா மங்கலான பிரிண்டை ஐவிந்திடம் கொடுத்தாள். மற்றதைக் கண்ணாடியில் காட்டியபோது தெரிந்ததைச் சொன்னாள்.

"அப்ப கண்ணாடியையும் சேத்து மாட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"போடா."

வண்டி நகர்ந்ததும் அவள் கையாட்டவில்லை. பிளாட்பாரத்துத் தூணில் ஒட்டியிருந்த பழைய விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகும் அவள் நான்கு வருஷம் பெர்தெல்சனிடம்தான் வேலை பார்த்தாள். வேலை தொடங்குமுன் வாடிக்கையாளரிடம், "எதை விட்டுவைக்கணும்?" என்று கேட்கும் ஒரு புது வழக்கம் மட்டும் வந்தது, பெர்தெல்சனுக்கு அது பிடிக்கவில்லை. ஐவிந்த் டுலூத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதினான். மங்கலான படத்தை முகம் மழிக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகவும், இரண்டு பேருக்கும் தகராறு இல்லை என்றும் ஒன்றில் எழுதியிருந்தான். அதையும் ரக்னா ஓரம் உரித்துத்தான் வைத்திருந்தாள்.

கண்காட்சிக்கு நாங்கள் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைதான் போனோம். படத்தைக் குடைத் தாங்கிக்குப் பக்கத்தில், இடுக்கில் மாட்டியிருந்தார்கள். பத்திரிகையில் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை. அதன் கீழே சின்னச் சீட்டில் ரக்னாவின் பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் அச்சடித்திருந்தார்கள். மழை நாள். குடையை வைக்க வந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்தபோது ஐவிந்தோடு முகத்துக்கு முகம் பார்த்துவிட்டார். குடையிலிருந்து தண்ணீர் அவர் ஷூவில் சொட்டியது, அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், படத்தின் தொங்கிய இமைக்கு நேர் எதிரே, அவருடைய வலது இமை, அவருக்கே தெரியாமல், மெல்லக் கீழே இறங்கியது.

ரக்னா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். கை இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன. அந்தக் கிழவர் நகர்கிறவரை அவை வெளியே வரவில்லை.